படைமுகாம் வணிகரும் அடையாள வில்லைகளும்: பம்பாயை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு 103 அடிகளைக் கொண்டது. காட்டை அழித்து அமைத்த பாசறையும், அதன் முள்வேலியும், தழைக்கூரைத் தெருக்களும் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. யானைக்குக் கவளம் ஊட்டும் இளைஞர், விளக்கேற்றும் மகளிர், நாழிகைக் கணக்கர், காவல் நிற்கும் யவனர் எனப் பாசறை மாந்தர் பலரும் இடம்பெறுகின்றனர். கடை வைத்தவர் மட்டும் இல்லை. அரசனின் வினைமுடிவையும் தலைவியின் காத்திருப்பையும் பொருளாகக் கொண்ட பாடலில் இது குறையாகாது. ஆயினும் பிற்காலப் போர் வரலாறுகளிலும் இவ்வின்மை தொடர்வது கருதத்தக்கது. படைத்தலைவரும் படைக்கலமும் பேசப்படும் அளவிற்குப் படைவீரனுக்கு உப்பும் புகையிலையும் விற்றவர் பேசப்படுவதில்லை.

அத்தகைய வணிகர் விட்டுச்சென்ற தடயங்களுள் ஒன்று, அவர்கள் படைவீரர்க்கு வழங்கிய சிறு உலோக வில்லை. தமிழில் 'வில்லை' என்னும் சொல் அலுவலகச் சேவகர் அணிந்த அடையாளத் தகட்டையும், அஞ்சல் தலையையும் குறித்து வந்துள்ளது. இரண்டும் பிறர் ஒருவரின் அதிகாரத்தை ஏற்று நிற்கும் பொருள்கள். வணிகர் தம் பெயரில் வெளியிட்ட நாணயம் போன்ற துண்டுக்கும் இச்சொல் பொருந்துவதால் இக்கட்டுரை அதனையே ஆள்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) முகாம் வணிகர் வெளியிட்ட வில்லைகள் இன்று தனித் தொகுப்புத் துறையாக வளர்ந்துள்ளன. பல போர்களுக்குப் படைகளை அனுப்பிய துறைமுகமாகிய பம்பாயில் அதற்கிணையான வில்லை மரபு உருவாகவில்லை. இவ்வேறுபாட்டின் காரணங்களை ஆராய்வதும், வில்லையைச் சான்றாகப் படிக்கும் முறையை வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சட்லர் வில்லைகள்

அமெரிக்கப் படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு வணிகர் அனுமதி பெற்றுக் கடை நடத்தினார். அவர் 'சட்லர்' எனப்பட்டார். டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொல் இது. படை வழங்கும் உணவில் இல்லாத புகையிலை, பாலாடைக்கட்டி, தாள், ஊசிநூல், இனிப்பு முதலியவற்றை அவர் விற்றார். போட்டிக்கு வேறு கடை இல்லாததால் விலை பெரும்பாலும் அவர் வைத்ததே.

சாதாரண வீரனின் மாத ஊதியம் போரின் முற்பகுதியில் 13 டாலர். 1864-இல் அது 16 டாலராக உயர்ந்தது. ஊதியம் இரு மாதங்களுக்கு ஒருமுறை தரப்பட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அது பல மாதங்கள் தாழ்ந்தது. அந்த இடைவெளியே சட்லரின் வணிகக் களம். வீரன் தன் வருங்கால ஊதியத்தை ஈடாக வைத்துக் கடன் கேட்பான். சட்லர் பணமாகத் தராமல் 5, 10, 25, 50 சென்ட் மதிப்புடைய வில்லைகளாகத் தருவார். ஊதிய நாளில் அத்தொகையைப் பெற்றுக்கொள்வார்.

வில்லைகளில் சட்லரின் பெயர், படைப்பிரிவின் எண், அது திரட்டப்பட்ட மாநிலம், மதிப்பு ஆகியவை பொறிக்கப்பட்டன. பித்தளையும் செம்பும் மிகுதியாகப் பயன்பட்டன. அட்டைச் சீட்டுகளும் உண்டு. பலவற்றில் 'பண்டமாக' என்னும் குறிப்பு இருத்தல் நோக்கத்தக்கது. 25 சென்ட் வில்லையைக் கொடுத்து 25 சென்ட் காசு பெற இயலாது. அதே சட்லரிடம் அவர் சொல்லும் விலையில் பண்டம்தான் பெறலாம். அடுத்த முகாமிலுள்ள மற்றொரு சட்லர் அதனை ஏற்கக் கடமைப்பட்டவர் அல்லர்.

போர்க்காலச் சில்லறைத் தட்டுப்பாடும் இவ்வழக்கத்திற்கு இடம் தந்தது. 1861 டிசம்பர் இறுதியில் வங்கிகள் தாளுக்கு ஈடாகப் பொன் தருவதை நிறுத்தின. 1862-இல் வெள்ளிச் சில்லறையும் புழக்கத்திலிருந்து மறைந்தது. அவ்வாண்டு ஜூலையில் அஞ்சல் தலைகளைச் சிறு தொகைகளுக்குப் பணமாக ஏற்க அரசு சட்டம் செய்தது. நகரங்களில் கடைக்காரர் ஒரு சென்ட் அளவிலான செம்பு வில்லைகளை வெளியிட்டனர். இவற்றையும் சட்லர் வில்லைகளையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது. நகரக் கடை வில்லை காசுக்கு மாற்றாகக் கைமாறியது. சட்லர் வில்லையோ ஒரு படைப்பிரிவின் எல்லைக்குள் அடைபட்டது; அதன் பிறப்பிடம் சில்லறைத் தட்டுப்பாடு மட்டுமன்று, ஊதியக் கடனுமாகும்.

அக்கடனின் கடுமையை அரசே உணர்ந்ததற்கு 1862 மார்ச் 19 நாளிட்ட சட்டம் சான்று. சட்லர் விற்கத்தக்க பண்டங்களை அது பட்டியலிட்டது. ஊதியத்தின் மீது அவருக்குரிய பிடிமானம் மாத ஊதியத்தில் ஆறில் ஒரு பங்கிற்கு மிகலாகாது எனவும் வரையறுத்தது. 13 டாலரில் அது 2 டாலர் 16 சென்ட் அளவே. தனியார் காசு அடிப்பதை 1864-ஆம் ஆண்டுச் சட்டங்கள் தடுத்தன. 1866-இல் சட்லர் பதவியையே ஒழிக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது.

வில்லையின் இரு முகங்கள்

இவ்வில்லையைக் கையில் எடுத்துப் படிப்பவர்க்கு அது ஒரு செய்தியை மட்டுமே சொல்லும்: இன்ன வணிகர் இதனைக் கொண்டு வருபவர்க்கு இவ்வளவு பண்டம் தரக் கடமைப்பட்டவர் என்பதே அது. அதன்படி வணிகர் கடனாளி, வீரன் கடன் கொடுத்தவன். உண்மை நிலை இதற்கு மறுதலையானது. வில்லை வீரனின் கைக்கு வந்த கணமே வணிகரின் பேரேட்டில் அவன் பெயருக்கு நேரே பற்று எழுதப்பட்டது. அவன் இன்னும் பெறாத ஊதியத்தின் ஒரு பகுதி அப்போதே கைமாறிவிட்டது.

ஆகவே வில்லை பாதி ஆவணம், மறுபாதி பேரேடு. உலோகம் அழியாமல் தொகுப்பாளரிடம் வந்து சேர்ந்தது. பேரேடுகளோ கடன் தீர்ந்ததும் பயனற்றவையாகி அழிந்தன. வில்லைகளை மட்டும் கொண்டு முகாம் வாழ்வை மீட்டுரைப்பவர், கடன்பட்டவனைக் கடன் கொடுத்தவனாகக் காணும் பிழைக்கு ஆளாக நேரும். பம்பாய்ச் சூழலை ஆராய்வதற்கு இவ்வேறுபாடு அடிப்படையாகும்.

அதே போரும் பம்பாயும்

அமெரிக்கப் போர் பம்பாயைத் தொட்ட விதம் வேறு. அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்திற்குச் செல்வது தடைப்பட்டதால் இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. விற்ற பருத்திக்கு ஈடாக வெள்ளியும் பொன்னும் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கின. பங்குச் சூதாட்டம் பெருகி 1865 ஜூலையில் சரிந்தது. பம்பாய் வங்கி 1868-இல் மூடப்பட்டது. அமெரிக்க முகாம்களில் காசின்றிப் பித்தளைத் துண்டு புழங்கிய அதே ஆண்டுகளில், இந்நகரில் வெள்ளி குவிந்தது. 1829 முதல் நகரிலேயே இயங்கிய நாணயச்சாலை அதனை ரூபாயாக அடித்தது. தனியார் வில்லை வேரூன்றுதற்குரிய முதற்காரணமாகிய காசுப் பஞ்சம் இங்கு அப்போது இல்லை எனலாம்.

படைமுகாம்கள் இல்லாமல் இல்லை. இன்று தமிழர் குடியிருப்பாக அறியப்படும் மாதுங்காவில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பம்பாய்ப் பீரங்கிப்படையின் முகாம் இருந்தது. கொலாபாவில் படைக்குடியிருப்பு இருந்தது. கப்பலில் வந்திறங்கும் ஆங்கிலேய வீரர் நாசிக் அருகிலுள்ள தேவ்லாலி இடைத்தங்கல் முகாமிற்கு அனுப்பப்பட்டனர். இம்முகாம்களை ஒட்டிப் படைச்சந்தைகள் அமைந்தன. பார்சி வணிகர் பலர் படைகளைப் பின்தொடர்ந்து வடமேற்கு எல்லை வரையிலும் ஏடன் வரையிலும் சென்று கடை வைத்தனர்.

படைக்கும் சந்தைக்கும் உள்ள இவ்வுறவைத் தமிழ்ச் சொற்களும் காட்டுகின்றன. 'தண்டு' என்பது படையையும் அது தங்கிய இடத்தையும் குறித்தது. கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் உள்ள தண்டு மாரியம்மன் கோயில்களின் பெயரில் அச்சொல் வாழ்கிறது. கும்பினிப் படையினர் களப்பணிக்குப் பெற்ற கூடுதல் தொகை 'பட்டா' எனப்பட்டது. இன்று ஓட்டுநர் பெறும் 'பேட்டா'வில் அச்சொல் தொடர்கிறது. படைவீரன் கையில் ஊதியத்திற்கு மேல் புரண்ட இத்தொகையை எதிர்பார்த்தே சந்தை படையைத் தொடர்ந்தது.

கடன் இங்கும் இருந்தது. ஆனால் அது நடந்த முறை வேறு. 1881-ஆம் ஆண்டுப் படைச்சட்டத்தின்படி, 30 பவுனுக்கு மிகாத கடனுக்காக ஆங்கிலேய வீரனைப் பணியிலிருந்து இழுத்துச் செல்ல இயலாது. நீதிமன்றத்தின் துணை இவ்வாறு குறைந்த நிலையில் வணிகர் படை அலுவலரின் தயவை நாடினார். அலுவலரோ ஒப்பந்தக்காரரின் கணக்கைத் தம் கண்காணிப்பில் வைத்தார். இந்நிலையில் வீரனின் கடனைக் காட்டும் ஆவணமாக ஏடே முதன்மை பெற்றது என்று கருதலாம். சில படைப்பிரிவுகளின் உணவக வில்லைகள் கிடைக்கின்றன. ஆயினும் அவை படைப்பிரிவின் பெயரைத் தாங்குவன. வணிகர் தம் பெயரை முன்னிறுத்தி, பிரிவுதோறும் வெளியிட்ட அமெரிக்கத் தொடருக்கு அவை இணையாகா.

1889-ஆம் ஆண்டு உலோக வில்லைச் சட்டம்

மூன்றாவது காரணம் சட்டம். 1889-ஆம் ஆண்டின் முதலாம் சட்டமாகிய உலோக வில்லைச் சட்டம், பணமாகப் பயன்படுத்தும் கருத்துடன் எந்த உலோகத் துண்டையும் அரசின் அதிகாரமின்றி உருவாக்குவதைத் தடை செய்தது. முத்திரை இருப்பினும் இல்லாவிடினும் தடை ஒன்றே. 'பணமாக' என்னும் கருத்தே குற்றத்தின் அடிப்படை ஆதலால், வேலைக்கோ உணவிற்கோ அடையாளமாகத் தரும் வில்லைக்கு இடைவெளி இருந்தது. அசாம் தேயிலைத் தோட்ட வில்லைகள் பலவற்றில் தோட்டத்தின் பெயர் இருந்தும் பணமதிப்பு பொறிக்கப்படாமையை இவ்விடத்தில் ஒப்பிட்டு நோக்கலாம்.

இச்சட்டம் செல்லாத இலங்கையில் வணிகர் வில்லை முன்னரே தழைத்திருந்தது. கொழும்பில் காப்பிக்கொட்டை பதப்படுத்திய நிறுவனங்கள் தம் தொழிலாளர்க்கு வில்லை வழங்கின. ஜார்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் வெகண்ட ஆலை வில்லை 1843-ஆம் ஆண்டைத் தாங்கியுள்ளது. இலங்கை நாணயங்களுடன் இவ்வில்லைகளையும் லோஸ்லி 1895-இல் பட்டியலிட்டார். தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர் உழைத்த காப்பித் தொழிலின் ஊதிய வரலாற்றிற்கு இவை முதன்மைச் சான்றுகள். இவற்றைப் பெற்றோர் படைவீரர் அல்லர். ஆயினும் ஊதியம் தருபவரே அதன் வடிவத்தையும் மதிப்பையும் முடிவு செய்யும் நிலை படைமுகாமை ஒத்தது.

இரு உலகப்போர்களின் சில்லறைப் பஞ்சம்

19-ஆம் நூற்றாண்டில் பம்பாய் காணாத காசுப் பஞ்சத்தை 20-ஆம் நூற்றாண்டின் போர்கள் கொண்டுவந்தன. முதல் உலகப்போரில் வெள்ளி அருகியதால் 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய்த் தாள் வெளிவந்தது. இரண்டரை ரூபாய்த் தாளும் தொடர்ந்தது. 1918-இல் பம்பாய் நாணயச்சாலை 15 ரூபாய் மதிப்புடைய பொன் மோகரை அடித்தது. அவ்வாண்டில் அமெரிக்கா தன் வெள்ளிக் கையிருப்பிலிருந்து இந்தியாவிற்கு விற்க முன்வந்தது. சட்லர் வில்லை பிறந்த நாடு இப்போது பம்பாயின் வெள்ளித் தேவைக்கு உதவியது.

இரண்டாம் உலகப்போரில் நெருக்கடி மிகுந்தது. 1940-இல் பிரான்சு வீழ்ந்ததும் மக்கள் தாளைக் கொடுத்து வெள்ளி ரூபாயைப் பதுக்கத் தொடங்கினர். ஜூன் மாதத்தில் தேவைக்கு மீறிக் காசு சேர்த்தல் குற்றமாக்கப்பட்டது. அவ்வாண்டின் நாணய அவசரச் சட்டத்தால் ஒரு ரூபாய்த் தாள் மீண்டும் வந்தது. ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1943-இல் நடுவில் துளையிட்ட காலணா வெளிவந்தது. துளையின் அளவிற்குச் செம்பு மிச்சமாயிற்று. அதே ஆண்டில் லாகூரில் புதிய நாணயச்சாலை இயங்கத் தொடங்கியது.

இப்பஞ்சத்திற்கு எழுந்த மறுமொழி உலோகமாக அன்றி அட்டையாக வெளிப்பட்டது. நவாநகர், மோர்வி, ராஜ்கோட், ஜுனாகத், கோண்டல் முதலிய கத்தியவார் சமஸ்தானங்கள் காசுக்கு மாற்றாகச் சிறு அட்டைச் சீட்டுகளை வெளியிட்டன. உலோகமே அரிதாகிய காலத்தில் அட்டை எளிதாயிற்று. சமஸ்தானம் தன் எல்லைக்குள் தானே ஆணையிட இயன்றது. அமெரிக்காவில் வணிகர் செய்த பணியை இங்கு மன்னர் செய்தார் எனலாம்.

முகாமிற்குள்ளும் தாளே வழங்கியது. இத்தாலியப் போர்க்கைதிகள் அடைக்கப்பட்ட யோல், போபால், பெங்களூர் முதலிய இடங்களில் ரூபாய், அணா மதிப்பிட்ட சீட்டுகள் முகாமிற்குள் மட்டும் செல்லுபடியாயின. தப்பியோடுவதற்குப் பயன்படும் உண்மைப் பணம் கைதியிடம் சேராமல் தடுப்பது இதன் நோக்கம். எனினும் 1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, முகாம் கடையில் உள்ளூர்ச் சந்தை விலைக்கே பண்டம் விற்கப்பட வேண்டும் என்றது. சட்லரின் விலைக்கு அடங்கிய வீரனுக்கு இல்லாத காப்பு, எழுத்தளவிலேனும் பகைநாட்டுக் கைதிக்குக் கிடைத்தது.

படைக்கடைகளின் நிலையும் இப்போரில் மாறியது. அதுவரை ஒப்பந்தக்காரர் கையில் இருந்த பொருள் வழங்கலை 1942 ஜூலையில் அரசு ஏற்றுப் படை அங்காடிப் பணியை நிறுவியது. விடுதலைக்குப் பின் 1948 ஜனவரி 1 முதல் அது படை அங்காடித் துறையாக உருப்பெற்றது. அதன் தலைமையகம் மும்பையில் உள்ளது. வணிகரின் இடத்தில் அரசும், வில்லையின் இடத்தில் வாங்கும் அளவை வரையறுக்கும் அட்டையும் அமர்ந்தன.

போர் முடிந்தபின் முகாம்களும் உருமாறின. கல்யாண் படைமுகாமின் கூடாரங்களும் கொட்டகைகளும் சிந்து அகதிகளின் இல்லங்களாயின. 1949-இல் அன்றைய தலைமை ஆளுநர் சி. இராஜகோபாலாச்சாரி அடிக்கல் நாட்டிய உல்லாஸ்நகர் அதுவே. அதன் பகுதிகள் இன்றும் முகாம் எண்களால் வழங்குகின்றன. செம்பூரிலும் அகதிகள் குடியேறிய பகுதி 'செம்பூர் முகாம்' என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊர்ப்பெயர் நினைவில் வைத்துள்ள முகாமை அதன் கடைக்கணக்குகள் வழியே அறிய இன்று வழி அரிது.

தொகுத்தலும் ஆய்வும்

வில்லை தொகுப்பவர் பெரும்பாலும் அருமை, நிலை, விலை ஆகியவற்றையே நோக்குவர். ஆய்வாளர் வேறு வினாக்களை எழுப்ப வேண்டும். வெளியிட்டவர் பெயர் உள்ளதா, படைப்பிரிவின் பெயர் மட்டும் உள்ளதா? மதிப்பு பணமாகக் குறிக்கப்பட்டதா, பண்டமாகவா, குறிக்கப்படவே இல்லையா? துளை தொங்கவிடுவதற்கா, செல்லாது என அறிவிப்பதற்கா? எந்த இடத்தில், எவற்றுடன் கிடைத்தது? இவற்றுள் இறுதி வினாவிற்கான விடை, வில்லை சந்தைக்கு வந்து கைமாறியவுடன் அழிந்துவிடுகிறது. கிடைத்த இடம் அறியாத வில்லை அழகிய பொருளாகலாம், உறுதியான சான்றாகாது.

வில்லையின் அழிவுக்கு அதன் இயல்பே காரணமாகிறது. செல்லாத காசுக்கு வெள்ளி மதிப்பேனும் உண்டு. வெளியிட்டவர் மறைந்தபின் பித்தளை வில்லைக்கு எடை மதிப்பு ஒன்றே எஞ்சும். பழைய உலோகம் உருக்கப்படும் தாராவி போன்ற தொழிலிடங்களில் அது பிற பித்தளையோடு பித்தளையாகக் கரையும். நகரின் அருங்காட்சியகங்கள் அரசர் வெளியிட்ட நாணயங்களைப் பேணுகின்றன. 2004-இல் திறக்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகம் நாணய வரலாற்றை முறையாகக் காட்டுகிறது. அரசு சாராத சிறு வில்லைகளும் சீட்டுகளும் அதே கவனத்தைப் பெறுதல் வேண்டும்.

அதனினும் விரைந்து அழிவது ஏடு. தமிழில் 'பற்று' என்பது ஆசையையும் கடனையும் ஒருசேரக் குறிக்கும். கடைக்காரர் வாடிக்கையாளரிடம் தரும் சிறு பற்றுப் புத்தகத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய் என நாள்தோறும் எழுதி, சம்பள நாளில் கழித்தல் மளிகைக்கடை வழக்கம். தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கும் இவ்வழக்கம் புதிதன்று. சட்லரின் பேரேடு எதனைப் பதிவு செய்ததோ அதனையே இப்புத்தகமும் பதிவு செய்கிறது: கைக்கு வருமுன் செலவான ஊதியம். ஒரு வேறுபாடு உண்டு. முகாம் வீரனுக்கு ஒரு கடை. நகரத் தொழிலாளிக்குக் கடன் தரும் கடை ஒன்றாயினும், அடுத்த தெருவில் இன்னொன்று இருந்தது. பற்றுப் புத்தகத்தின் இரு படிகளுள் ஒன்று அவன் கையிலேயே இருந்ததால் கணக்கைக் கேட்கவும் அவனுக்கு இடம் இருந்தது.

முடிவுரை

அமெரிக்க முகாம்களில் காசுப் பஞ்சமும் தாழ்ந்த ஊதியமும் ஒற்றைக் கடையின் ஆதிக்கமும் கூடியதால் வணிகர் வில்லை பிறந்தது. பம்பாயில் வெள்ளி வரவும், படை அலுவலரின் கண்காணிப்பும், 1889-ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகைய வில்லை மரபு உருவாகாமல் தடுத்தன. பஞ்சம் வந்தபோது சமஸ்தானங்கள் அட்டையாலும், சிறைமுகாம்கள் தாளாலும் அதனை ஈடுசெய்தன. உலோக வில்லைச் சட்டமும் 1940-ஆம் ஆண்டு அவசரச் சட்டமும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தால் ஒருங்கே நீக்கப்பட்டன. தனியார் உலோகப் பணத்திற்கான தடை புதிய சட்டத்துள் தொடர்கிறது.

வில்லை இல்லாமையால் கடன் இல்லை எனக் கொள்ளலாகாது. உலோகமாக எஞ்சாத கடன் ஏட்டில் இருந்தது. ஏடு எஞ்சாதபோது அது வரலாற்றிலிருந்தே மறைந்தது. எனவே பம்பாய்த் தமிழர் வரலாற்றைத் தொகுக்க முனைவோர், சங்க அறிக்கைகளையும் இதழ்களையும் தேடுவதுடன், மூடப்பட்ட மளிகைக்கடைகளின் பேரேடுகளையும், குடும்பங்களில் எஞ்சியுள்ள பற்றுப் புத்தகங்களையும், இடமும் காலமும் குறித்துச் சேகரித்தல் வேண்டும். பழைய தாள் வணிகரின் தராசுக்குப் போகுமுன் செய்யத்தக்க பணி இது.